பக்கத்து மாடியின் பார்வையை மறைக்க என்ன மரம் நடுவது?

பெங்களூரில் சொந்த வீடு வைத்திருப்பவர்களில் பலருக்கு ஏதோ ஒரு வருடம் இந்தச் சிக்கல் வந்து சேர்கிறது. பக்கத்தில் காலியாகக் கிடந்த முப்பதுக்கு நாற்பது அடி சைட்டில் திடீரென்று ஜல்லியும் மணலும் இறங்குகின்றன. பத்து மாதத்தில் கீழே கார் நிறுத்தும் தூண்தளம், மேலே மூன்று நான்கு மாடி என்று கட்டடம் எழுந்து நிற்கிறது. நேற்று வரை வானம் தெரிந்த இடத்தில் இன்று சன்னல்கள். துணி உலர்த்தும் இடம், காலையில் காப்பியோடு உட்காரும் மூலை, சமையலறைப் பின்கதவு எல்லாமே யாரோ ஒருவர் கண்ணில் படுகின்றன. அங்கே குடி வந்தவர்கள் நல்லவர்களாகவே இருப்பார்கள். என்றாலும் நம் வீட்டில் நாம் இயல்பாக நடமாடுவது நின்றுபோகிறது.

அடுத்த வாரமே நர்சரிக்குப் போகிறோம். "சார், இது வேகமா வளரும், ரெண்டே வருஷத்துல மூடிடும்" என்று ஒரு செடியைக் காட்டுகிறார்கள். பத்து வாங்கி, மதில் ஓரமாக வரிசையாக நட்டுவிடுகிறோம். இந்த அவசரத்தைத் தவிர்க்கவே இந்தக் கட்டுரை. எந்த மரம் என்று கேட்பதற்கு முன்னால், எதை மறைக்க வேண்டும், எங்கிருந்து பார்க்கும்போது மறைய வேண்டும் என்ற இரண்டையும் முடிவு செய்ய வேண்டும். அந்த விடை கிடைத்துவிட்டால் பெரும்பாலான வீடுகளுக்குப் பத்து மரம் தேவைப்படாது. சரியான இடத்தில் ஒன்றோ இரண்டோ போதும்.

முதலில் உயரத்தைப் பார்ப்போம். தூண்தளத்துக்கு மேல் இரண்டாவது மாடியில் நிற்பவரின் கண், தரையிலிருந்து ஏறக்குறைய 25 அடி உயரத்தில் இருக்கும். அதனால் 25 அடி மரம் வேண்டும் என்று நினைக்கிறோம். அது தேவையில்லை. நீங்கள் நாற்காலியில் உட்காரும்போது உங்கள் கண் 4 அடி உயரத்தில் இருக்கிறது. உங்கள் நாற்காலி மதிலிலிருந்து 10 அடி தள்ளி இருப்பதாகவும், அவருடைய சன்னல் மதிலுக்கு அந்தப் பக்கம் 5 அடியில் இருப்பதாகவும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கண்களுக்கும் இடையே 15 அடி தூரம். மதிலை ஒட்டி, 3 அடி உள்ளே தள்ளி ஒரு மரம் நட்டால், அந்த இடத்தில் பார்வைக்கோடு சுமார் 14 அடி உயரத்தில் கடக்கிறது. அதாவது 14 அடி மரம் அவருடைய பார்வையை மறித்துவிடும். அதே மரத்தை உங்கள் நாற்காலிக்கு 3 அடி தூரத்துக்குக் கொண்டுவந்தால் 8 அடி, 9 அடியே போதும். மூன்றாம் மாடிக்காரருக்கும் இதே கணக்குத்தான். மதில் ஓரத்தில் 18, 19 அடி தேவைப்படும் மறைப்பு, நாற்காலிக்குப் பக்கத்தில் 10 அடியில் முடிந்துவிடுகிறது.

கணக்குப் போட விருப்பமில்லாதவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்காருங்கள். வீட்டில் ஒருவரை நீளமான மூங்கில் கழியைப் பிடித்துக்கொண்டு தோட்டத்தில் இங்குமங்கும் நிற்கச் சொல்லுங்கள். கழியின் எந்த இடம் உங்கள் பார்வையில் அந்தச் சன்னலோடு பொருந்துகிறதோ, அங்கே கழியில் ஒரு குறி வைத்தால் அதுதான் உங்களுக்குத் தேவையான மரத்தின் உயரம். படுக்கையறை சன்னல், துணிக்கொடி, பின்கதவு என்று உங்களுக்கு முக்கியமான ஒவ்வோர் இடத்திலிருந்தும் இதைச் செய்து பாருங்கள். மறைக்க வேண்டியது முழுக் கட்டடம் அல்ல, மூன்றோ நான்கோ சன்னல்கள்தான் என்பது தெரிந்துவிடும். மதில் நெடுக மரம் நட்டு நம் வீட்டையே இருட்டாக்கிக்கொள்வதை இந்த ஒரு மணி நேரச் சோதனை தடுத்துவிடும்.

அடுத்தது இலை. மறைப்பு மரம் வருடம் முழுவதும் இலையோடு இருக்க வேண்டும். இதைச் சொல்லத் தேவையில்லை என்று தோன்றலாம். ஆனால் பெங்களூர்க்காரர்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் இந்த ஊர் நமக்குப் பழக்கிய மர அழகு இலையுதிர்க்கும் மரங்களின் அழகு. லால்பாக் தோட்டத்தை ஹைதர் அலி 1760-ல் தொடங்கினார். தமிழ் மூலம் கொண்ட திகளர் சமூகத்தார் இந்த நகரத்தின் தோட்டவேலையில் தலைமுறை தலைமுறையாக இருந்துவந்தார்கள். 1908-ல் இங்கே வந்த ஜெர்மானியத் தோட்டக்கலைஞர் கிரும்பீகல், ஒன்று பூத்து ஓய்ந்ததும் அடுத்தது பூக்கும்படி மாதவாரியாகச் சாலை மரங்களைத் தேர்ந்தெடுத்த முறைக்காக இன்றும் நினைக்கப்படுகிறார். டபேபுயாவும் ஜக்கரண்டாவும் குல்மொஹரும் சாலையை நிறைப்பது அந்த மரபில்தான். அந்த அழகை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் டபேபுயா இலையையெல்லாம் உதிர்த்துவிட்டுத்தான் பூக்கிறது. சன்னலை மறைக்க நட்டவருக்குப் பிப்ரவரி, மார்ச்சில் கிளைதான் மிஞ்சும். தவிர, அவை அகலமான சாலைகளுக்கும் பூங்காக்களுக்கும் தேர்ந்தெடுத்த மரங்கள். மதிலுக்கும் சுவருக்கும் நடுவே 4 அடி இடமுள்ள வீட்டில் குல்மொஹரை வைத்தால், ஏப்ரல், மே மாத இடிமழைக் காற்றில் அது யார் கார் மீது விழும் என்ற கவலை வந்து சேரும்.

சரி, மரங்களுக்கு வருவோம். பெங்களூரில் மறைப்பு என்றாலே முதலில் காட்டப்படுவது நெட்டிலிங்கம். பலர் இதை அசோக மரம் என்கிறார்கள். உண்மையான அசோகம் செம்மஞ்சள் நிறத்தில் கொத்தாகப் பூக்கும் வேறொரு மரம். நர்சரியில் 'அசோகா' என்று கேட்டால் பெரும்பாலும் நெட்டிலிங்கம்தான் கிடைக்கும். இலைகள் தொங்கத் தொங்க, தூண் போல நேராக மேலே போகும் வகை இது. நாலைந்து அடி அகலத்துக்கு மேல் பரவாது, இலை உதிர்ந்து மொட்டையாக நிற்காது, வேரும் அடாவடி செய்யாது. குறுகலான இடத்துக்கு இதைவிடப் பொருத்தமான மரங்கள் குறைவு. இதன் இலையைத் தின்று வளரும், பச்சைப் புள்ளிகள் கொண்ட ஒரு வண்ணத்துப்பூச்சி உண்டு. நெட்டிலிங்கம் உள்ள தெருவில் அதைக் காணலாம்.

ஆனால் நட்டவர்கள் செய்யும் தவறுகள் மூன்று. மிக நெருக்கமாக, இரண்டடிக்கு ஒன்றாக நடுவது முதல் தவறு. ஒன்றின் நிழலில் மற்றது நின்று, கீழ்ப்பகுதியில் இலை போய்விடுகிறது. நமக்கு மறைப்பு வேண்டிய உயரத்தில் வெறும் தண்டும், வேண்டாத உச்சியில் பச்சையும் மிஞ்சும். குறைந்தது 4, 5 அடி இடைவெளி விடுங்கள். இரண்டாவது, உயரம் அதிகமாகிவிட்டது என்று உச்சியை வெட்டுவது. அதன் வடிவமே நடுத்தண்டு நேராகப் போவதில்தான் இருக்கிறது. வெட்டிய இடத்தில் பல கிளைகள் கோணலாகக் கிளம்பி, துடைப்பக்கட்டை போல நிற்கும். 30, 40 அடி வரை வளர விட முடியாத இடத்தில், அதாவது மின்கம்பிக்குக் கீழே, இதை நடவே கூடாது. மூன்றாவது, கார் நிறுத்தும் இடத்துக்கு மேல் நடுவது. பழம் வந்தால் பழந்தின்னி வௌவால்கள் வரும். வௌவாலை நான் குறை சொல்ல மாட்டேன். விதை பரப்பும் வேலையை அவை செய்யாவிட்டால் யார் செய்வது? காரைத் தள்ளி நிறுத்துவதுதான் வழி.

மூங்கில் இரண்டாவது தேர்வு. இரண்டு வருடத்தில் மறைப்பு வேண்டும் என்பவருக்கு உண்மையில் அதைத் தரக்கூடியது இதுதான். ஆனால் மூங்கிலில் இரண்டு இனம் உண்டு என்பதை நர்சரியில் பலர் சொல்வதில்லை. ஒன்று குத்தாக, புதர் கட்டி, இருந்த இடத்திலேயே பருமனாகும். மற்றது மண்ணுக்கடியில் கிழங்குத்தண்டை ஓடவிட்டு, பத்தடி தள்ளி, சில சமயம் பக்கத்து வீட்டில் முளைக்கும். நம் நாட்டு மூங்கில்கள் பெரும்பாலும் குத்து வகை. வீட்டுக்கு அதை மட்டுமே வாங்க வேண்டும். 'பம்புசா மல்டிப்ளெக்ஸ்' என்ற வேலி மூங்கில் நல்ல தேர்வு. மெல்லிய தண்டு, அடியிலிருந்தே இலை, பத்து முதல் இருபது அடி. 'ஃபில்லோஸ்டாக்கிஸ்' என்று பெயரட்டையில் இருந்தால் விட்டுவிடுங்கள், அது ஓடும் வகை. மஞ்சள் தண்டு என்பதை மட்டும் பார்த்து வாங்குவதும் ஆபத்து, ஏனென்றால் இரண்டு இனத்திலுமே மஞ்சள் உண்டு. குத்து மூங்கிலுக்கும் மூன்றடி அகலமாவது வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை பழைய தண்டுகளை அடியோடு எடுக்க வேண்டும். உதிரும் இலை மொட்டைமாடித் தண்ணீர்க் குழாயை அடைக்கும் என்பதால் மழைக்கு முன்னால் அதைப் பார்க்க வேண்டும். இவ்வளவுக்கும் தயாராக இருப்பவருக்கு மூங்கில் நல்ல துணை. தண்ணீர் நிறையக் குடிக்கும் என்பதுதான் பெரிய குறை.

மூன்றாவது அரளி. மறைப்பு மரங்களைப் பற்றி உலகில் எங்கே எழுதினாலும் மத்தியதரைக் கடலோரத் தோட்டங்கள் உதாரணமாக வரும். அங்கே உப்புக்காற்றும் நீண்ட வறண்ட கோடையும் இருப்பதால் தடித்த, மெழுகு பூசினாற்போன்ற இலை கொண்ட செடிகளை மறைப்புக்கு நிறைய வைப்பார்கள். அந்தத் தோட்டங்களின் முதன்மையான செடிகளில் ஒன்று நம் செவ்வரளிதான். மத்தியதரைக் கடலிலிருந்து இந்தியா வரை அது இயற்கையாகவே வளர்கிறது. நம் தேசிய நெடுஞ்சாலைகளின் நடுத்திட்டில் எதிர்வண்டியின் விளக்கொளியை மறைக்க அதை வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வெயில், வறட்சி, புகை எல்லாவற்றையும் தாங்கி 8, 10 அடிக்கு வருடம் முழுவதும் பச்சையாக நிற்கும். ஆனால் இலை, பூ, தண்டு, வேர் அனைத்தும் நஞ்சு, இதயத்தைப் பாதிக்கும் நஞ்சு. 2024 மே மாதம் திருவிதாங்கூர் தேவசம் போர்டு நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூவை நிறுத்தியது இந்த அச்சத்தால்தான். சிறு குழந்தையோ, கண்டதை மெல்லும் நாயோ, வாசலுக்கு வரும் மாடோ இருக்கும் இடத்தில் வேண்டாம். மஞ்சள் அரளிக்கும் இதே எச்சரிக்கை, அதன் கொட்டை இன்னும் கொடியது.

அதே மத்தியதரைக் கடலோரத்திலிருந்து இன்னொரு ஆசையும் வருகிறது. இத்தாலியப் படங்களில் வரும் ஊசி போன்ற சைப்ரஸ் மரம். அங்கே மழை குளிர்காலத்தில், வறட்சி கோடையில். பெங்களூரிலோ மே மாதம் தொடங்கும் மழை நவம்பர் வரை விட்டுவிட்டுப் பெய்கிறது. வருடத்துக்கு ஏறக்குறைய 970 மில்லிமீட்டர், அதில் செப்டம்பரும் அக்டோபரும்தான் கனம். வெதுவெதுப்பான ஈர மண்ணில் நிற்பது அந்த மரத்தின் வேருக்குப் பழக்கமில்லை. தொட்டியில் ஒன்றிரண்டு அழகுக்கு வைக்கலாம், மறைப்புக்கு அதை நம்ப வேண்டாம்.

இனி என் தேர்வுகள். நாற்காலிக்குப் பக்கத்தில் 8 முதல் 12 அடி மறைப்புக்கு காமினி. கறிவேப்பிலைக்கு உறவுக்காரச் செடி. அடர்ந்த சிறிய பளபளப்பான இலை, மழைக்குப் பின் வெள்ளைப் பூ, எலுமிச்சைப் பூவின் வாசனை. வேலியாகக் கத்தரிக்கலாம், அல்லது கீழ்க்கிளைகளை எடுத்துச் சிறிய மரமாகவும் வளர்க்கலாம். மண்ணையும் குழாயையும் தொந்தரவு செய்யாது. நர்சரியில் இதே பெயரில் கேட்டால் தருவார்கள். சின்ன வீட்டுக்கு ஒரே ஒரு செடிதான் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

15 அடிக்கு மேல் வேண்டுமென்றால் சப்போட்டா. யாரும் இதை மறைப்பு மரமாக நினைப்பதில்லை, பழமரமாகவே நினைக்கிறார்கள். ஆனால் அடியிலிருந்தே கிளைவிட்டு, குடை போலக் குவிந்து, எந்த மாதத்திலும் இலை குறையாமல் நிற்கும் மரம் அது. பெங்களூரின் செம்மண்ணும் மிதமான வெயிலும் அதற்கு நன்றாக ஒத்துப்போகின்றன. மெதுவாக வளரும், அதனால் அடிக்கடி வெட்ட வேண்டியதும் இல்லை. ஒட்டுச்செடி வாங்குங்கள், உயரம் அடங்கி இருக்கும். நான்கு பக்கமும் 6 அடியாவது இடம் விட வேண்டும்.

இன்னும் கொஞ்சம் பெரிய இடம், நாற்பதுக்கு அறுபது சைட் என்றால் மகிழம். கரும்பச்சை இலை அடர்ந்து வட்டமாக நிற்கும், காற்றுக்கு எளிதில் முறியாது, வெட்டினாலும் வடிவு கெடாது. பூ உதிர்ந்த பிறகும் மணக்கும். பிள்ளைகள் பொறுக்கிக் கோப்பதற்கென்றே ஒரு மரம் இருக்க முடியுமென்றால் அது இதுதான். பொறுமை வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. மறைப்பாக நிற்கப் பல வருடம் ஆகும்.

புங்கையைப் பற்றிப் பலர் கேட்பார்கள், ஏனென்றால் பெங்களூர்த் தெருக்களில் எங்கும் நிற்பது அதுதான். கன்னடத்தில் ஹொங்கே. நிழலுக்கு இணையில்லை, வறட்சியையும் தாங்கும். கோடைத் தொடக்கத்தில் சிறிது காலம் இலை உதிர்த்துப் பளபளக்கும் புதுத்தளிர் விடுகிறது, அதுவரை மறைப்பு இராது. தெருவோரத்துக்கு நடுங்கள், மறைப்புக்கு இரண்டாம் இடம் கொடுங்கள். செண்பகத்துக்கு மல்லேஸ்வரத்தில் சம்பிகே ரோடு என்று ஒரு சாலையே உண்டு. நேராக உயர்ந்து வருடம் முழுக்கப் பச்சையாக நிற்கும் மரம், ஆனால் 50 அடியையும் தாண்டும். கீழே பெரிய தோட்டம் உள்ளவர்களுக்கே உரியது.

பெங்களூர் அடுக்குமாடி வளாகங்களின் மதிலோரம் சிவப்புத் தளிரோடு நெருக்கமாக நிற்கும் ஒரு செடியைப் பார்த்திருப்பீர்கள். நாவல் குடும்பத்தைச் சேர்ந்தது, நர்சரியில் 'சைஜீஜியம்' என்றே சொல்வார்கள். கத்தரிக்க ஆள் இருந்தால் நல்ல வேலி. கத்தரிக்காவிட்டால் ஒல்லியாக மேலே போய்விடும்.

வேண்டாம் என்று உறுதியாகச் சொல்ல வேண்டியவையும் உண்டு. வீட்டை ஒட்டி ஃபைகஸ் எந்த வகையும் வேண்டாம். தொட்டியில் சாதுவாக இருக்கும் அந்தச் செடி மண்ணில் இறங்கியதும் ஆலமரத்தின் வம்சம் என்பதைக் காட்டிவிடும். வேர் மதிலைப் பிளக்கும், சாக்கடைக் குழாயைத் தேடிப்போகும். சில்வர் ஓக் நகருக்கு வெளியே பண்ணை வரப்பில் காற்றுத்தடுப்பாக நிற்கலாம். குறுகிய சைட்டில் அதன் கிளைகள் காற்றில் முறிந்து விழும்.

முக்கியமாக, கோனோகார்பஸ். ஆப்பிரிக்கக் கொம்புப் பகுதியிலிருந்து வந்த இது பளிச்சென்ற பச்சையில் மிக வேகமாக மதில்போல வளரும். நகர அழகுபடுத்தலுக்கும் பண்ணை வீடுகளுக்கும் ஆயிரக்கணக்கில் நட்டார்கள். மகரந்தத்தால் ஒவ்வாமை, வேரால் குழாய்களுக்குச் சேதம் என்ற புகார்களுக்குப் பிறகு குஜராத் 2023-லும், தமிழ்நாடு 2025-லும் அதை நடுவதற்குத் தடை விதித்தன. இன்னும் நர்சரிகளில் கிடைக்கிறது. வேகத்தை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்த வேலிகள் இந்த நாட்டுக்கு என்ன செய்தன என்பதற்குப் பழைய சாட்சிகளே போதும். பிரிட்டிஷார் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுக்கும் வேலிக்கும் கொண்டுவந்த உண்ணிச்செடி இன்று பந்திப்பூர்க் காடுகளில் புல் முளைக்கவிடாமல் மண்டிக் கிடக்கிறது. வேலிக்கும் விறகுக்கும் வந்த சீமைக் கருவேலம் ராமநாதபுரத்தை என்ன செய்தது என்று தமிழர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நம் வீட்டு மதிலுக்குள் நடும் செடி நம் மதிலோடு நிற்பதில்லை.

வெயிலையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். பெங்களூர் 13 டிகிரி வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் பிற்பகுதியிலும் ஆகஸ்ட் நடுவிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். டிசம்பரில் தெற்கே நன்றாகச் சாய்ந்துவிடும். அந்த மாதம் நண்பகலில் 15 அடி மரம் வடக்கு நோக்கி 11 அடி நிழல் விழுத்தும். ஆகவே வீட்டுக்குத் தெற்கே அடர்ந்த மரம் வைத்தால் மார்கழிக் குளிரில் வீடு வெயில் இல்லாமல் கிடக்கும், சுவர் ஈரம் காயாது. தெற்கே மறைப்பு தேவையென்றால் தாழ்வான காமினியோடு நிறுத்துங்கள். மேற்கு நேர் எதிர். மார்ச் முதல் மே வரை பிற்பகல் வெயில் அந்தப் பக்கச் சுவரைச் சுடவைக்கிறது. அடர்ந்த சப்போட்டாவும் மகிழமும் அங்கேதான் நிற்க வேண்டும். பார்வையும் மறையும், வீடும் குளிரும். அடுத்த வீட்டுக்காரருடைய மொட்டைமாடியில் சோலார் தகடு இருந்தால், மரம் முழு உயரம் வந்த பிறகு நிழல் அதன்மேல் விழுமா என்று பார்த்துவிட்டு நடுங்கள். பின்னால் வரும் சண்டைகளில் பாதி இதனால்தான்.

சத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு வரிசை மரம் சாலைச் சத்தத்தைக் குறைக்கும் என்று விற்பவர்கள் சொல்வதை நம்பாதீர்கள். பல அடி ஆழத்துக்கு அடர்ந்த தோப்பு இருந்தால் ஓரளவு குறையும். வீட்டுத் தோட்டத்தில் அதற்கு இடமில்லை. தூசியை இலைகள் பிடித்துக்கொள்ளும் என்பது உண்மை.

நட வேண்டிய காலம் ஜூன், ஜூலை. மழை தொடங்கிய பிறகு நட்டால் நவம்பர் வரை வேருக்கு வேண்டிய ஈரம் கிடைக்கிறது, அடுத்த கோடைக்குள் செடி மண்ணைப் பிடித்துவிடும். பெங்களூர் சைட்டுகளில் பெரிய சிக்கல் மண். வீடு கட்டும்போது அஸ்திவாரத்து அடிமண்ணும் சிமென்ட் துண்டும் செங்கல் ஜல்லியும் மதில் ஓரத்தில் கொட்டி மூடப்பட்டிருக்கும். இரண்டரை அடி நீள அகல ஆழத்துக்குத் தோண்டி அந்தக் குப்பையை எடுத்துவிட்டு, செம்மண்ணும் மட்கிய தொழுவுரமும் போடுங்கள். தோண்டுமுன் சம்ப் (நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி) எங்கே, கழிவுக்குழாய் எங்கே, போர்வெல் குழாய் எங்கே என்று வீட்டு வரைபடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பெரிய மரத்தைச் சம்ப்பிலிருந்து எட்டுப் பத்து அடியாவது தள்ளி வைப்பது நல்லது.

12 அடி உயரச் செடியை லாரியில் கொண்டுவந்து நட வேண்டாம். பணமும் போகும், வேர் குறைவாக இருப்பதால் வருடக்கணக்கில் அப்படியே நிற்கும். 4 அடி நல்ல செடி சில வருடங்களில் அதை எட்டிப் பிடித்துவிடும். வாங்கும்போது பையைச் சற்று விலக்கி வேரைப் பாருங்கள். வேர் பைக்குள் வட்டமாகச் சுற்றிக் கிடந்தால் அது பழைய செடி, வேறொன்றைக் கேளுங்கள். லால்பாக்குக்குள் நர்சரிமேன் கூட்டுறவுச் சங்கத்தின் விற்பனையிடம் இருக்கிறது. முதல்முறை வாங்குபவர்கள் அங்கே ஒரு சுற்று பார்த்துவிட்டு மற்ற இடங்களுக்குப் போவது நல்லது.

மரம் வளரும் வரை என்ன செய்வது என்ற கேள்விக்குக் கொடிதான் விடை. இரண்டு இரும்புக் குழாய், நடுவே கம்பிவலை, அதில் பாஷன்ஃப்ரூட்டோ ரங்கூன் மல்லியோ ஏற்றினால் ஒரே மழைக்காலத்தில் மூடிவிடும். மரம் எழுந்ததும் எடுத்துவிடலாம். இந்தத் தற்காலிக மறைப்பு இருந்தால், வேகமான தவறான மரத்தை நட வேண்டிய அவசரம் போய்விடுகிறது. என் பார்வையில் இந்தக் கட்டுரையிலேயே மிகவும் பயனுள்ள யோசனை இதுதான்.

தண்ணீர் இந்த ஊரின் பெரிய கேள்வி. 2024 மார்ச்சில் போர்வெல்கள் வற்றியபோது, குடிநீரைத் தோட்டத்துக்கும் கார் கழுவவும் பயன்படுத்தினால் 5,000 ரூபாய் அபராதம் என்று பெங்களூர் குடிநீர் வாரியம் அறிவித்தது. அப்படியொரு கோடை மீண்டும் வரும் என்று வைத்துக்கொண்டே மரத்தைத் தேர்ந்தெடுங்கள். மூங்கில் அப்போது வாடும். சப்போட்டாவும் மகிழமும் வேர் பிடித்த பிறகு தாக்குப்பிடிக்கும். முதல் இரண்டு கோடைக்கு வாரம் ஒருமுறை ஆழமாக ஊற்றுவது, தினம் ஒரு குவளை ஊற்றுவதைவிட நல்லது. அரிசி, காய்கறி கழுவிய தண்ணீர் தாராளமாகப் போகலாம். ஆர்ஓ இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீரில் உப்பு அதிகம், அதை மரத்துக்கு ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டாம். உங்கள் வீட்டில் மழைநீர்க் குழி இருந்தால், அது நிரம்பி வழியும் தண்ணீர் மரத்தடிக்குப் போகும்படி ஒரு வாய்க்கால் வெட்டுங்கள். அடியில் காய்ந்த இலையை மூன்று விரல் கனத்துக்குப் பரப்பினால் ஈரம் நிற்கும்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். கர்நாடக மரப் பாதுகாப்புச் சட்டம் 1976-ல் வந்தது. விலக்கு அளிக்கப்பட்ட சில வகைகள் தவிர, உங்கள் சொந்த நிலத்து மரமானாலும் வெட்டுவதற்கு மர அலுவலரின் அனுமதி வேண்டும். ஆகவே தவறான மரத்தை நட்டுவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்க முடியாது.

பெங்களூரில் வேலை, சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையிலோ புதுச்சேரிப் பக்கமோ ஒரு சிறிய தோட்டம் என்று இருப்பவர்களும் உண்டு. அங்கே இந்தப் பட்டியல் அப்படியே செல்லாது. உப்புக்காற்று மெல்லிய இலையைக் கருக்கிவிடும். கடலைப் பார்த்த பக்கம் முதலில் தாழையும் சவுக்கும் காற்றை வாங்கிக்கொள்ள வேண்டும். அதற்குப் பின்னால் பூவரசு, புன்னை. புன்னையின் தடித்த பளபளப்பான இலை உப்பைப் பொருட்படுத்தாது, கடலோரத் தமிழ் நிலத்தில் அதைவிடச் சிறந்த மறைப்பு மரம் எனக்குத் தெரியாது. 2004 சுனாமிக்குப் பிறகு கரையோரத் தடுப்புத் தோப்புகளுக்குச் சவுக்கை நிறைய நட்டார்கள். 1968-ல் வெற்றுச் செம்மண் மேடாக இருந்த ஆரோவில்லில், காயா, வீரை, பாலை போன்ற உள்ளூர்ப் பசுமைமாறாக் காட்டு மரங்களைத் திரும்ப வளர்த்திருக்கிறார்கள். சிறிய தடித்த இலை, அடர்ந்த கிளை, வறண்ட கோடையைத் தாங்கும் குணம் என்று மத்தியதரைக் கடலோரத்தார் தேடும் அத்தனையும் அவற்றில் உண்டு. கடலோரத்தில் நிலம் உள்ளவர்கள் நர்சரிக்குப் போகுமுன் அந்தக் காட்டை ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு வாருங்கள்.

பெங்களூர் வாசகர்களுக்கு: மழை வருமுன், இந்த ஞாயிற்றுக்கிழமையே மூங்கில் கழியோடு அந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள். உயரமும் இடமும் தெரிந்த பிறகு பக்கத்து வீட்டாரிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அவர்கள் சன்னலுக்கு எதிரே நிற்கப்போகும் மரம் அவர்களுக்கும் வேண்டியதாக இருக்கட்டும்.